அந்நிய முகத்துக்கு அஞ்சாத மூளை

கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர் உர்சுலா பெல்லூகி 1980களில் சேகரிக்கத் தொடங்கிய படங்களுள் ஒன்று நரம்பியல் பாடநூல்களில் அடிக்கடி இடம்பெறும். வில்லியம்ஸ் நோய்க்குறி உள்ள பதின்வயதினர் ஒருவர் வரைந்த யானை அது. யானை என்று சொல்லாவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. கோடுகளும் வளைவுகளும் ஒன்றோடொன்று சேராமல் கிடக்கின்றன. எது தும்பிக்கை, எது கால் என்று பக்கத்தில் எழுதியிருப்பதை வைத்தே ஊகிக்க வேண்டும். அதே ஆளிடம் யானையைப் பற்றிப் பேசச் சொன்னபோதோ, காற்றில் அசையும் அகன்ற காதுகள், புல்லை அள்ளும் நீண்ட தும்பிக்கை என்று கண்முன் நிற்கும்படி ஒரு வர்ணனை வந்தது.

பேச்சில் யானை முழுசாக இருக்கிறது, தாளில் சிதறிப் போகிறது. இரண்டையும் செய்வது ஒரே மூளை. அந்த மூளையைத் திறக்காமல், ஊசி குத்தாமல், கதிர்வீச்சு பாய்ச்சாமல் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடிந்தபோது கிடைத்த விடைகளில் சில எதிர்பார்த்தவை. ஒன்று மட்டும் இந்த நோய்க்குறி உள்ள குழந்தைகளைப் பற்றி உலகம் வைத்திருந்த எண்ணத்தையே மாற்றியது. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அதைப் பற்றியது.

இதயத்திலிருந்துதான் கதை தொடங்குகிறது. 1961இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், கிரீன் லேன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜே.சி.பி. வில்லியம்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் நான்கு நோயாளிகளிடம் ஓர் ஒற்றுமையைக் கவனித்தார்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, வால்வுக்குச் சற்று மேலே குறுகியிருந்தது. நால்வருக்கும் ஒருவருக்கொருவர் உறவில்லை. ஆனால் முகச்சாயல் ஒன்றுபோல் இருந்தது, அறிவு வளர்ச்சியும் பின்தங்கியிருந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் கோட்டிங்கனில் அலோய்ஸ் பாய்ரன் இதே அறிகுறிக் கூட்டைத் தனியாக விவரித்தார். இருவர் பெயரையும் சேர்த்து வில்லியம்ஸ்-பாய்ரன் நோய்க்குறி என்றும் சொல்வதுண்டு.

காரணம் தெரிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1993இல், இரத்தக் குழாய்ச் சுவருக்கு நெகிழ்வைத் தரும் எலாஸ்டின் புரதத்தின் மரபணு இவர்களிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது என்று கண்டார்கள். எல்லோருக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு இருக்கும். இவர்களிடம் ஏழாம் குரோமோசோம் ஒன்றில் ஏறத்தாழ 15 லட்சம் மரபெழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு விடுபட்டிருந்தது. எலாஸ்டின் மட்டுமல்லாமல் அதன் அக்கம்பக்கத்தில் இருந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மரபணுக்களும் கூடவே போயிருந்தன.

ஏன் எப்போதும் அதே துண்டு? அந்தப் பகுதியின் இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான மரபெழுத்து வரிசைகள் இருக்கின்றன. அடிக்கு அடி ஒரே வரி திரும்பி வரும் நீண்ட கும்மிப் பாட்டில், மூன்றாம் அடியின் அந்த வரியைப் பாடிவிட்டு நாவு தவறி ஏழாம் அடிக்குத் தாவினால் நடுவில் உள்ளவை பாடப்படாமலே போகும். விந்தோ முட்டையோ உருவாகும்போது குரோமோசோம் இணைகள் பொருந்துவதில் இத்தகைய தாவல் நேர்கிறது. பெரும்பாலும் புதிதாக நேர்வது அது. பெற்றோர் செய்த எதனாலும் வருவதில்லை, முன்னோரிடமிருந்து வருவதும் அரிது. தங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளும் தாய்மாருக்கு மருத்துவர்கள் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான் என்பது என் எண்ணம். நார்வேயில் செய்த ஒரு கணக்கெடுப்பு, இந்த நோய்க்குறி 7,500 பிறப்புகளில் ஒன்றில் வருவதாக மதிப்பிட்டது.

மூளை ஆய்வாளர்களுக்கு இந்த நோய்க்குறி ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பது இங்கே விளங்கும். ஆட்டிசத்தையோ மனச்சிதைவையோ எடுத்தால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. ஒருவருக்குள்ள காரணம் அடுத்தவருக்கு இல்லை. நடத்தையிலிருந்து பின்னோக்கி மரபணுவைத் தேடுவது புதருக்குள் புகுவதுதான். வில்லியம்ஸ் நோய்க்குறியில் தொடக்கப் புள்ளி தெரியும். விடுபட்ட மரபணுக்களின் பட்டியல் கையில் இருக்கிறது. மறுமுனையில், படம் வரையத் திணறுவது, அந்நியரிடம் தயக்கமின்றிப் போய்ப் பேசுவது போன்ற தெளிவான நடத்தைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மூளை. அதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வந்து சேர்ந்தது.

இந்தக் கருவி நம் உடலிலுள்ள நீரைக் கொண்டே வேலை செய்கிறது. நீரில் இருக்கும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுக்கருவும் ஒரு நுண்காந்தம். ஆய்வில் பரவலாகப் பயன்படும் 3 டெஸ்லா ஸ்கேனரின் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல ஏறத்தாழ 60,000 மடங்கு. அதற்குள் படுத்தவுடன் அணுக்கருக்களில் மிகச் சிறு பங்கு கூடுதலாகப் புலத்தின் திசைக்குச் சாய்கிறது. ரேடியோ அலையால் அவற்றைத் தட்டினால் நிலை குலைந்து, மீண்டும் பழைய நிலைக்கு வரும்போது மெல்லிய சைகை ஒன்றை வெளியிடும். செல்கள் அடர்ந்த சாம்பல்நிறப் பகுதியிலும், மயலின் என்ற கொழுப்புறை போர்த்திய இழைகள் ஓடும் வெண்ணிறப் பகுதியிலும் அது திரும்பும் வேகம் வேறு. அந்த வேறுபாடுதான் படமாகிறது.

செயலில் இருக்கும் மூளையைப் பார்க்க உதவியது இரத்தம். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தப் பண்பு வேறு என்று லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் 1936இலேயே காட்டியிருந்தார்கள். 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா அதையே எம்.ஆர்.ஐ. சைகையாகப் பிடித்தார். நரம்புச் செல்கள் வேலை செய்யும் இடத்துக்கு இரத்தம் தேவைக்கு மேலேயே பாய்கிறது. அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடி, சைகை சற்றே உயர்கிறது. சிந்தனை நடப்பது நொடியின் சிறு பின்னத்தில், இரத்தம் உச்சத்துக்கு வருவது ஐந்தாறு நொடி கழித்து. படத்தின் ஒரு சிறு கட்டத்துக்குள்ளேயே லட்சக்கணக்கான செல்கள் அடங்கும். ஆகவே செயல்சார் எம்.ஆர்.ஐ. படத்தில் ‘ஒளிரும்’ இடம் எண்ணத்தின் புகைப்படம் அல்ல. எண்ணம் நடந்த தெருவில் சற்றுநேரம் கழித்து ஏறிய இரத்தத்தின் அளவு.

வில்லியம்ஸ் நோய்க்குறி உள்ளவரை இந்தக் குழாய்க்குள் படுக்க வைப்பது எளிதல்ல. குழந்தை அசையாமலிருக்க மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுப்பது வழக்கம். இவர்களுக்கோ பெருந்தமனியோடு சில சமயம் இதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாய்களும் குறுகியிருக்கும்; மயக்க மருந்தின்போது இதயம் திடீரென நின்றுபோகும் ஆபத்து மற்றவர்களைவிடப் பலமடங்கு அதிகம். சிகிச்சைக்காக அந்த ஆபத்தை எடைபோட்டு ஏற்கலாம். ஆராய்ச்சிக்காக ஒரு குழந்தையின் உயிரைத் துளியளவும் பணயம் வைக்கக் கூடாது. ஆக, விழித்திருக்கும் நிலையிலேயே படுத்திருக்க வேண்டும்.

விழித்திருந்தால் சத்தம். ஸ்கேனரின் சுருள்களில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது அவை காந்தப்புலத்தில் உதறிக்கொள்கின்றன. 100 டெசிபலைத் தாண்டும் தடதடப்பு கிளம்புகிறது. வில்லியம்ஸ் நோய்க்குறி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒலி பொறுக்காது. மிக்ஸி ஓடினால், பலூன் வெடித்தால், இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழுபவர்கள். அவர்களைக் கொண்டுபோய் நாம் படுக்கவைக்கும் இடமோ மிகச் சத்தமான மருத்துவக் கருவிகளுள் ஒன்று.

ஆய்வகங்கள் இதற்குச் சிறுகச் சிறுகப் பழக்குவதைத்தான் வழியாகக் கண்டன. காந்தமில்லாத போலி ஸ்கேனர் ஒன்றில் முதலில் சும்மா படுத்துப் பார்க்கலாம். பதிவு செய்த ஓசையை மெல்ல ஒலிக்கவிட்டு, பிறகு கூட்டலாம். காதடைப்பான், அதன்மேல் ஒலித்தடுப்பு, கண்ணாடியில் தெரியும் படம், கூடவே உட்காரும் அம்மா. பழகியவர்கள் சிலர் உள்ளே போகிறார்கள். பழகாதவர்கள் போவதில்லை, அவர்கள் ஆய்விலும் இடம்பெறுவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் சராசரிகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த வடிகட்டலை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனவரின் தலை ஓரிரு மில்லிமீட்டர் அசைந்தாலும் கணினி மூளைப் புறணியை உள்ளதைவிட மெல்லியதாக அளந்துவிடும். நோய்க்குறி உள்ளவர் சற்றுக் கூடுதலாக அசைந்திருந்தால் அந்த அசைவே மரபணுவின் விளைவுபோலத் தோற்றம் தரும். இந்தப் பொறியில் இத்துறை பலமுறை விழுந்து எழுந்திருக்கிறது.

இத்தனை தடைகளையும் கடந்து செய்த ஆய்வுகளில் நான் மிகவும் மதிப்பது, மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் உள்ள அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கேரன் பெர்மனும் ஆண்ட்ரியாஸ் மேயர்-லிண்டன்பெர்க்கும் நடத்தியவற்றை. அவர்களுடைய முதல் புத்திசாலித்தனம் ஆட்களைத் தேர்ந்ததிலேயே இருந்தது. இந்த நோய்க்குறியில் நுண்ணறிவு ஈவின் சராசரி 60ஐ ஒட்டியே இருக்கும். ஸ்கேனருக்குள் கொடுக்கும் கணக்கே புரியாவிட்டால், மூளை வேறாக வேலை செய்வதற்குக் காரணம் மரபணுவா, புரியாமையா என்று பிரிக்க முடியாது. எனவே மரபணு நீக்கம் முழுதாக இருந்தும் நுண்ணறிவு இயல்பு அளவில் இருந்த அபூர்வமான 13 பேரைத் தேடிச் சேர்த்தார்கள்.

2004இல் வெளியான ஆய்வு யானைப் படத்தின் புதிரைத் தொட்டது. கண் வழியே வரும் செய்தி மூளையின் பின்புறத்திலிருந்து இரு தடங்களாகப் பிரிகிறது. கீழ்த்தடம் பார்ப்பது என்ன பொருள் என்று அடையாளம் காணும். மேல்தடம் அது எங்கே இருக்கிறது, எந்தத் துண்டு எதோடு எப்படிச் சேரும் என்று கணக்கிடும். இரண்டு வடிவங்களைச் சேர்த்தால் சதுரம் வருமா என்பது போன்ற கேள்விகளைக் கொடுத்தபோது கீழ்த்தடம் மற்றவர்களிடம் இருந்ததைப் போலவே இயங்கியது. மேல்தடம் சோர்ந்து கிடந்தது. இன்னும் பின்னே போய்ப் பார்த்தால், அந்தத் தடத்துக்குச் செய்தி ஊட்டும் வழியில், உச்சிமடலின் ஒரு பள்ளத்தை ஒட்டிச் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. தும்பிக்கை தும்பிக்கை என்று தெரிகிறது, காது காது என்று தெரிகிறது. அவற்றை ஒரே உடலில் பொருத்தும் இடத்துக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை.

மறு ஆண்டு வெளியானதுதான் நான் முதலில் சொன்ன, எண்ணத்தை மாற்றிய ஆய்வு.

வில்லியம்ஸ் நோய்க்குறி உள்ள குழந்தைகளைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வங்கி வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்துப் பெயர் கேட்பார்கள், கண்ணை நேராகப் பார்ப்பார்கள், நீங்கள் சோர்ந்திருந்தால் கண்டுபிடித்து விசாரிப்பார்கள். அவர்களை என்றும் மகிழ்ச்சியில் திளைப்பவர்களாக, பயமென்பதையே அறியாதவர்களாகச் செய்திகளும் ஆவணப்படங்களும் காட்டிவந்தன. பெற்றோருக்குத் தெரிந்த உண்மை வேறு. இதே குழந்தை மாடிப்படியில் இறங்க நடுங்கும். மழை வருமா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ஊசி, நாய், இருட்டு, உயரம் என்று ஏதாவது ஒன்றின்மேல் மருத்துவர் நோயாகவே பதிவு செய்யும் அளவுக்கு அச்சம் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு உண்டு. எல்லோரையும் தேடிப் போகும் இவர்களுக்கு நிலைத்த நண்பர்கள் கிடைப்பதும் அரிது.

பெர்மன் குழு இரண்டு வகைப் படங்களைக் காட்டியது. ஒன்று, கோபமோ அச்சமோ தெரியும் மனித முகங்கள். மற்றொன்று, ஆள் முகமே இல்லாத ஆபத்துக் காட்சிகள்: எரியும் கட்டடம், விழுந்து நொறுங்கிய விமானம் போன்றவை. கொடுத்த வேலை எளியது, ஒரே மாதிரிப் படத்தைப் பொருத்துவது மட்டும். அளந்தது அமிக்டலாவை, கன்னப்பொட்டுக்குப் பின்னால் மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பாதாம் பருப்பளவான பகுதி அது. ஆபத்தின் அறிகுறிகளைக் கணத்தில் பிடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கடுமையான முகத்தைக் கண்டதும் மற்றவர்களின் அமிக்டலா நன்றாகவே விழித்தது. வில்லியம்ஸ் நோய்க்குறி உள்ளவர்களிடம் அது குறைவாகவே அசைந்தது. ஆபத்துக் காட்சிகளிலோ நிலைமை தலைகீழ். இவர்களின் அமிக்டலா மற்றவர்களுடையதைவிட அதிகமாகக் கொந்தளித்தது.

பயம் இல்லாமல் போகவில்லை என்பதுதான் செய்தி. மனிதரைக் கண்டு எழ வேண்டிய பயம் எழவில்லை. மனிதரல்லாதவற்றின்மேல் அது பெருகிக் கிடக்கிறது. நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே உள்ள முன்மடல் பகுதி சாதாரணமாக முகத்துக்கு ஒரு மாதிரியும் காட்சிக்கு ஒரு மாதிரியும் நடந்துகொண்டு அமிக்டலாவை நெறிப்படுத்துகிறது. இவர்களிடம் அந்தப் பகுதி இரண்டுக்கும் வேறுபாடு காட்டவில்லை, அமிக்டலாவோடு அதன் இணக்கமும் தளர்ந்திருந்தது. பெற்றோர் ஆண்டாண்டாகச் சொல்லி யாரும் முழுதாகக் காதுகொடுக்காத ஒரு முரண், ஒரே படத்தின் இரு பாதிகளாக வந்து நின்றது. இதைப் படித்தபின் இந்தக் குழந்தைகளை ‘எப்போதும் சிரிப்பவர்கள்’ என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிரிப்பு உண்மை. அதன் பக்கத்தில் இருக்கும் அச்சமும் உண்மை. அதற்கு மனநலச் சிகிச்சை தேவைப்படுகிறது. அந்நியர் எவரையும் நம்பிவிடுவதால் ஏமாற்றத்துக்கும் வன்முறைக்கும் ஆளாகும் ஆபத்து இருக்கிறது. ‘அந்நியரிடம் ஜாக்கிரதை’ என்று வெறும் சொல்லால் எச்சரித்தால் போதாது, ஒவ்வொரு சூழலிலும் என்ன செய்ய வேண்டும் என்று நடித்துக் காட்டித் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டியிருக்கிறது.

முகத்தைப் பற்றிய செய்திகள் பின்னரும் வந்தன. முகங்களுக்கென்றே கூர்ந்து செயல்படும் ஒரு பகுதி மூளையின் அடிப்புறத்தில் உண்டு; 2010இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, வில்லியம்ஸ் நோய்க்குறி உள்ளவர்களிடம் அதன் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதாகக் கண்டது. 2012இல் பெர்மன் குழு, உடலின் உள்நிலை உணர்வுகளைத் திரட்டும் இன்சுலா என்ற பகுதியின் அமைப்பும் செயலும் மாறியிருப்பதையும், அந்த மாற்றத்தின் அளவுக்கு ஏற்ப நோய்க்குறிக்கே உரிய குணம் கூடிக் குறைவதையும் காட்டியது.

ஆனால் விடுபட்ட இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மரபணுக்களில் எது எதற்குப் பொறுப்பு? ஸ்கேனர் மட்டும் இதற்கு விடை சொல்லாது. 13 பேரின் சராசரிப் படத்தில் மரபணுவின் பெயர் எழுதியிருக்காது. இங்கேதான் பிற முறைகளின் துணை வேண்டும். 2016இல் ஒரு குழு செய்தது என்னை மிகவும் கவர்ந்தது. நோய்க்குறி உள்ள குழந்தைகளின் விழுந்த பால்பற்களை வாங்கி, அவற்றின் உட்கூழிலிருந்த செல்களைக் குருத்தணுக்களாக மாற்றி, ஆய்வகத் தட்டில் நரம்புச் செல்களாக வளர்த்தார்கள். அந்தச் செல்களுக்குக் கிளைகள் இயல்பைவிட நீளமாக இருந்தன. அவற்றுக்கு முன்னோடியான செல்கள் அதிக எண்ணிக்கையில் மடிந்தன. விடுபட்ட மரபணுக்களுள் ஒன்றான எஃப்.இசட்.டி.9 இதில் பங்கு வகித்தது. எம்.ஆர்.ஐ. படங்களிலோ இவர்களின் மூளைப் புறணியின் பரப்பளவு குறைந்திருந்தது. முன்னோடிச் செல்கள் குறைந்தால் புறணியின் பரப்பு சுருங்கும் என்பது வளர்ச்சி உயிரியல் முன்பே சொல்வது. தட்டில் கண்டதும் ஸ்கேனரில் கண்டதும் பொருந்தின.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்களின் எலிகள் இன்னொரு மரபணுவைச் சுட்டின. ஜி.டி.எஃப்.2.ஐ. என்ற மரபணுவை முன்மூளையின் நரம்புச் செல்களில் மட்டும் நீக்கியபோது, எலிகள் பிற எலிகளை வழக்கத்தைவிட அதிகம் நாடின. 2019இல் வெளியான அந்த ஆய்வு காட்டிய வியப்பு, குறை தோன்றிய இடம். மரபணுவை எடுத்தது நரம்புச் செல்லில். மெலிந்ததோ இழைகளைப் போர்த்தும் மயலின் உறை. ஒவ்வாமைக்குத் தரும் பழைய மருந்தான கிளெமாஸ்டின் மயலினை வளர்க்கவும் உதவும் என்று தெரிந்திருந்ததால் எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தை இயல்பை நெருங்கியது. எலிக்குக் கிடைத்தது மனிதருக்கும் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் பரவுகின்றன என்று அளந்து வெண்ணிற இழைக்கட்டுகளை வரையும் எம்.ஆர்.ஐ. முறையில், இந்நோய்க்குறி உள்ளவர்களின் இழைகளில் மாற்றம் உண்டு என்று 2007லேயே கண்டிருந்தார்கள். அப்போது விளக்கமில்லாமல் இருந்த அந்தப் படங்களை இப்போது மீண்டும் எடுத்துப் பார்க்கக் காரணம் கிடைத்தது.

இயற்கையே செய்துவைத்த ஒரு சோதனையும் உண்டு. பாட்டில் நாவு தவறினால் சில அடிகள் விட்டுப்போவதைப் போலவே, பாடியதைத் திரும்பப் பாடிவிடுவதும் நேரும் அல்லவா? ஏழாம் குரோமோசோமின் இதே துண்டு சிலரிடம் கூடுதலாக ஒருமுறை இருக்கிறது. 2005இல் கனடாவிலிருந்து வெளியான முதல் அறிக்கையில் இருந்த குழந்தைக்குப் பேச்சு மிகவும் தாமதமாகியிருந்தது. பிறகு மேலும் பலர் கண்டறியப்பட்டார்கள். அம்மாவைப் பிரிந்தால் தாங்காத பதற்றமும், அந்நியரிடம் பேசாத கூச்சமும் இவர்களில் பலருக்கு உண்டு. ஒரு பிரதி குறைந்தால் குழந்தை அந்நியரைத் தேடிப் போகிறது, ஒரு பிரதி கூடினால் விலகி ஒதுங்குகிறது. எல்லாப் பண்புகளும் இப்படி எதிரெதிராக அமைவதில்லை. இரு பக்கத்திலும் பதற்றம் இருக்கிறது, ஆனால் அது கிளம்பும் இடம் மாறுகிறது.

பெதஸ்டாவில் பெர்மனின் குழு இப்போது ஒரு பிரதி, இரண்டு பிரதி, மூன்று பிரதி என மூவகைக் குழந்தைகளையும் அழைத்து, வளர வளரத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்கிறது. வயது வந்தவரின் மூளையை ஒரே ஒருமுறை படம் பிடித்தால், மரபணு நேரடியாகச் செய்தது எது, இருபது ஆண்டுகள் அந்த மரபணுவோடு வாழ்ந்ததால் மூளை தன்னைத்தானே மாற்றிக்கொண்டது எது என்று தெரியாது. ஓயாமல் முகங்களையே பார்த்து வளர்ந்த குழந்தைக்கு மூளையில் முகங்களுக்கான பகுதி பெரிதாகுமா, அல்லது அந்தப் பகுதி பெரிதாக இருந்ததால்தான் குழந்தை முகங்களையே பார்த்ததா? ஐந்து வயதிலும் பத்து வயதிலும் பதினைந்திலும் அதே குழந்தையை அளந்தால்தான் எது முந்தியது என்று தெரியவரும். அதற்கு அந்தக் குழந்தை ஒவ்வொரு முறையும் போலி ஸ்கேனரில் பழகி, காதடைப்பானை மாட்டிக்கொண்டு, தனக்கு மிகவும் பிடிக்காத அந்தத் தடதடப்புக்குள் அசையாமல் படுக்கச் சம்மதிக்க வேண்டும்.